முப்பத்தேழுக்கு எத்தனை வாட்?

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. முப்பத்தேழாம் எண் பேருந்தை இருபத்தாறு வருடம் ஓட்டியதில், பணிமனை வாசல் முதல் தெருமுனைக் கடை வரை எல்லாருக்கும் அவர் முப்பத்தேழு ஆகிப்போனார். மனைவி மட்டும் ‘ஏங்க’ என்பாள். கோபம் வந்தால் அவளும் ‘முப்பத்தேழு, கொஞ்சம் இங்க வர்றீங்களா’ என்பாள். அப்போது போய்விடுவது நல்லது.

ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத மனிதர் அவர். கேட்க வேடிக்கையாக இருக்கும், இருபத்தாறு வருடம் உட்கார்ந்தே சம்பாதித்தவர். ஆனால் அவர் உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் வெளியே உலகம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றால் இவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று மாமியார் வீட்டில் கல்யாணத்தன்றே சொல்லிவிட்டார்கள். கூடத்திலிருந்து அடுக்களை வரை பதினோரு எட்டு. வேலையை விட்டு வந்த நான்கு வருடத்தில் அந்தத் தரையில் நடந்த தூரத்தைச் சேர்த்தால் முப்பத்தேழாம் எண் பாதையை நூறு தடவை போய் வந்திருக்கலாம்.

வேலையை விட்டு வந்தார் என்று சொன்னது மரியாதைக்கு. நடந்தது வேறு. ஒரு நாள் பதினோரு மணிக்கு, நல்ல வெயிலில், நாற்பத்திரண்டு பயணிகளோடு போய்க்கொண்டிருந்தபோது அவருக்குக் கண் இருட்டியது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். கண் திறந்தபோது நெற்றி ஸ்டியரிங்கின் மேல் இருந்தது, கண்டக்டர் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். வண்டி ஒரு மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது. பின்னாலிருந்து பாய்ந்து வந்து கைபிரேக்கை இழுத்தது அந்தக் கண்டக்டர்தான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கடைசி நிறுத்தத்துக்கு இன்னும் ஆறு நிறுத்தம் பாக்கி இருந்தது.

டாக்டர்கள் தலை முதல் கால் வரை சோதித்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, மூளை நன்றாக இருக்கிறது, சில நொடி மூளைக்குப் போதிய ரத்தம் போகவில்லை, அவ்வளவுதான், உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றார்கள். டாக்டருக்கு அது அவ்வளவுதான். விதிப் புத்தகத்துக்கு அப்படி இல்லை, கனரக வண்டி உரிமம் போயிற்று. அவருக்கும் அது அவ்வளவுதானாக இல்லை. முந்தின நாள் குறைவாகத் தூங்கினேனோ, காலையில் சாப்பிடாமல் போனேனோ, ஜன்னலை மூடி வைத்திருந்தேனோ என்று நான்கு வருடமாகத் தன் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார். குற்றம் கிடைத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கிடைக்கவில்லை, அதனால் நடந்தார்.

இதைப் பார்க்கப் பொறுக்காத மகள்தான் ஒரு கம்ப்யூட்டரும், ஸ்டியரிங்கும், காலுக்கு மூன்று பெடலும் அனுப்பி வைத்தாள். லாரி ஓட்டும் விளையாட்டு. குழந்தை சாமான் என்று முதல் நாள் சிரித்தார். மூன்றாம் நாள், ஓட்டுவதற்கு முன்னால் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயர் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாராம். மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த விளையாட்டில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பதினெட்டு லாரிகள் வரிசையாகக் கிளம்பும். ஓட்டுகிறவர்கள் பதினெட்டு ஊர்க்காரர்கள். ஒரு வெல்டர், ஒரு நர்ஸ், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் என்று கலவையான கூட்டம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, காதில் மாட்டிய ஹெட்செட் வழியாகக் குரல் மட்டும்தான். வளைவில் முந்தாத, சிக்னல் போடாமல் திரும்பாத ஒரே ஆள் என்பதால் இவரை முன்வண்டி ஆக்கினார்கள். அவர் போகிற வேகம்தான் மற்றவர்களுக்கு வேகம், அவர் நின்றால்தான் மற்றவர்கள் நிற்பார்கள். பேருந்துக் கதைகளை எல்லாம் அவர்களுக்குச் சொல்லியிருந்தார். ஏன் விட்டு வந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் மருமகன் தன் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் படக் கார்டு வாங்கிக்கொண்டு, பழையதை மாமனாருக்கு அனுப்பினார். பழையது என்றாலும் யானைக்குட்டி மாதிரி இருந்தது. திரையில் வரும் காட்சியெல்லாம் அந்தக் கார்டின் கைவண்ணம் என்று மகள் சொன்னாள். அவரே மாட்டினார். மாட்டியதும் சாலையே மாறிவிட்டது. கண்ணாடியில் மழைத்துளி வழிந்தது, எதிரே வரும் லாரியின் முகப்பில் சேறு தெரிந்தது. அவர் வைப்பரைப் போட்டும் நிறுத்தியும் பார்த்தார். 

அந்த ஞாயிறு அறுபது கிலோமீட்டர் போனார்கள். மலை ஏறி, பாலம் தாண்டி, வளைவு திரும்பினால் கீழே ஊர் முழுதும் விளக்கோடு தெரியும். வளைவு திரும்பினார், திரை அணைந்தது. ஃபேன் சத்தம் நின்றது, காதில் இருந்த குரல்களும் நின்றன. கூடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கம்ப்யூட்டர் மட்டும் செத்துக் கிடந்தது. திரும்ப உயிர் கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தால், நடுச்சாலையில் நின்ற இவர் வண்டியில் ஆறு லாரிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் கிடந்தன. வெல்டர் முன்வண்டியாகப் போய்விட்டிருந்தான். “அண்ணே, இருக்கீங்களா, இருக்கீங்களான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம்” என்றாள் நர்ஸ். கரண்ட் போயிடுச்சு என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு, அதே வளைவு, அதே இருட்டு. மறுபடியும் கரண்ட் என்றார். ஒரு பொய்யை இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் கொஞ்சம் தடித்துவிடுகிறது, கேட்பவர்களுக்கும் அது தெரிகிறது. வெல்டர் நல்ல பையன், நல்ல மனதோடுதான் சொன்னான்.

“அடுத்த வாரமும் சரியாகலன்னா நான் முன்னாடி போறேன்ணே. நீங்க கடைசியா வாங்க. கடைசியில நின்னா யாரும் வந்து இடிக்க மாட்டாங்க.”

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை அன்பாகவும் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வண்டி ஓட்டும்போது நினைவு தப்புகிற ஆளைப் பின்னால் உட்காரச் சொல்வார்கள். ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டார்கள்.

திங்கள் காலையிலேயே வைத்தியம் தொடங்கியது. அவர் ஓட்டுநர், அவருக்குத் தெரிந்த நோய் ஒன்றுதான், என்ஜின் சூடு. ஏற்றத்தில் அதிகமாக மிதித்துவிட்டோம், கம்ப்யூட்டர் பெட்டி சூடாகிவிட்டது என்று முடிவு செய்தார். தனியாக ஓட்டிப் பார்த்தார், மலையில் இரண்டாம் கியரில் ஏறினார். முக்கால் மணிக்கு ஒரு தடவை ஓரமாக நிறுத்திப் பெட்டிக்கு ஓய்வு கொடுத்தார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து மேஜை ஃபேனை அதன் பக்கம் திருப்பினார். புதன்கிழமை ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து பெட்டியின் மேல் போட்டார், ரேடியேட்டருக்குப் போடுவதுபோல. மனைவி ஓடி வந்து அதைப் பிடுங்கினாள். கரண்ட் சாமான் மேல் ஈரத்துணி போடும் அளவுக்குப் பித்து முற்றிவிட்டதா என்று கேட்டாள். அன்றைக்கு முப்பது தடவை அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்தார்.

இத்தனை செய்தும் வளைவு திரும்பியதும் அணைந்தது. அணைந்த கணமே கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமே கொதிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. சூடு என்றால் ஆற வைக்கலாம். எல்லாம் நன்றாக இருந்து, ஒரு கணம் மட்டும் இருட்டிவிட்டால் என்ன செய்வது?  நாற்காலியிலிருந்து எழுந்து வாசல் வரை போய் வெறுமனே திரும்பி வந்தார்.

மகளுக்குப் போன் போட்டார். பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை எத்தனை வாட் என்று அவள் கேட்டாள். அதை அவர் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார். சப்ளை ஐந்நூறு. கார்டுக்கு முந்நூறு, ப்ராசஸருக்கு நூற்றிருபத்தைந்து, மற்ற சில்லறைக்கு அறுபது. மொத்தம் நானூற்று எண்பத்தைந்து, பதினைந்து மிச்சம். பதினைந்து சீட் காலியாக இருக்கும் வண்டியில் ஓவர்லோடு எப்படி வரும் என்று மகளையே மடக்கினார். எனக்குத் தெரியலப்பா, கடையில கேளுங்க என்று அவள் வைத்துவிட்டாள்.

கேட்க வேறு ஆள் இல்லாததால் அந்தக் கணக்கை மனைவியிடம் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் ஒரு மில் கேன்டீனில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். ஆறு நபருக்குச் சமைக்கச் சொன்னால் தடுமாறுவாள், அறுநூறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அளப்பாள். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவள், அன்று என்னவோ காது கொடுத்தாள்.

“சரியா எந்த இடத்துல அணையுது?”

“பாலம் தாண்டி வளைவுல. அதுவரைக்கும் வெறும் மரமும் மலையும்தான். திரும்புனதும் மொத்த ஊரும் ஒரே அடியா கண்ணு முன்னாடி வந்து நிக்கும்.”

“ஒரே அடியாவா?”

கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கத்தியைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது.

“எங்க மில்லுல ஒரு மணி நேரத்துக்கு அறுநூறு தட்டு. கணக்குப் போட்டா நிமிஷத்துக்குப் பத்து. பத்து தட்டுக்கு ரெண்டு பேரு நின்னாப் போதும். ஆனா மணி அடிச்சா முந்நூறு பேரு ஒண்ணா வாசல்ல நிப்பான். அப்ப அந்த ரெண்டு பேரு என்ன பண்ணுவாங்க? கரண்டியப் போட்டுட்டு ஓடிருவாங்க. நான் எப்பவும் கணக்குக்கு ஆள் வச்சதில்ல. மணி அடிக்கிற அந்த நிமிஷத்துக்குத்தான் ஆள் வச்சேன்.”

முப்பத்தேழு நின்றார். நடந்துகொண்டே கேட்ட மனிதர், நின்றார். நானூற்று எண்பத்தைந்து என்பது நிமிஷத்துக்குப் பத்துத் தட்டு. வளைவில் அடிப்பது மணி. இதைச் சொல்ல மகள் படித்த படிப்புக்கு முடியவில்லை, அடுக்களையில் கிடைத்தது. மனைவியைப் பாராட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். வெங்காயம் கொஞ்சம் பொடியாக நறுக்கலாம் என்று சொல்லித் தொலைத்தார்.

வெள்ளிக்கிழமை முதல் கடை. உள்ளே நுழைந்ததும் கலர் கலராக விளக்கு எரிந்தது, விற்பனையாள் சட்டையிலும் எரியுமோ என்று பார்த்தார். அவன் எந்தக் கார்டு என்றுகூடக் கேட்கவில்லை. ஆயிரத்து இருநூறு வாட் போட்டுக்குங்க, பெருசு போட்டா கவலையே இல்ல என்றான். நாலு பயணிக்கு டபுள் டெக்கர் எடுத்துப் போகச் சொல்கிறான். மணி அடிக்கும்போது மூவாயிரம் பேர் வந்தாலும் சமாளிக்கலாம்தான், ஆனால் மில்லில் இருப்பதே அறுநூறு பேர். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சனிக்கிழமை காலை இரண்டாவது கடையில் எண்ணூற்றைம்பது என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பெட்டியை எடுத்து நீட்டினார்கள். கையில் வாங்கினார். வீட்டில் இருக்கும் ஐந்நூறைவிட லேசாக இருந்தது. இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தார். பணிமனையில் அவருக்குத் தெரிந்த வண்டிகள் உண்டு, போர்டில் ‘அதிவிரைவு’ என்று இருக்கும், ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். உள்ளே சரக்கு இல்லாமல் எண்ணூற்றைம்பது எங்கிருந்து வரும் என்று கேட்டார். கடைக்காரர் அதற்கு ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறது என்று வேறு கேள்விக்குப் பதில் சொன்னார்.

மாலையில் மூன்றாவது கடை. கடை என்று சொல்ல முடியாது, இரண்டாம் மாடியில் படிக்கட்டுக்குப் பின்னால் ஓர் அறை. சுவர் முழுக்கத் திறந்து கிடந்த கம்ப்யூட்டர்கள். நடுவே ஒரு பெண், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் அவள் தலையைச் சுட்டிக் காட்டினார். அப்புறம்தான் பேச்சு தொடங்கியது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எந்தக் கார்டு, எந்த இடத்தில் அணைகிறது, அணைந்தபின் உடனே எழுந்திருக்கிறதா என்று டாக்டர் மாதிரி விசாரித்தாள். பிறகு எழுநூற்றைம்பது வாட் சப்ளை ஒன்றை எடுத்து, மேலே இருந்த பெரிய எண்ணை விரலால் மறைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்னக் கட்டத்தைக் காட்டினாள். சப்ளைக்குள் வோல்ட்டுக்கு ஒரு வரிசை, கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுவது பன்னிரண்டு வோல்ட் வரிசையில், அந்த வரிசையில் எவ்வளவு தரும் என்று போட்டிருப்பதைத்தான் படிக்க வேண்டும், மேலே இருப்பது அலங்காரம் என்றாள். இதில் ஏறக்குறைய முழுதும் அந்த வரிசையிலேயே கிடைக்கும். அவர் கையில் வாங்கிப் பார்த்தார். கனத்தது.

“பழசு ஏம்மா அணைஞ்சுது? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு.”

“அந்தக் கார்டு கண்ணிமைக்கிற நேரத்துக்கு ரெண்டு மடங்குகூட இழுக்கும்யா. பழைய சப்ளையால அவ்வளவு தர முடியல. எரிஞ்சு போகாம இருக்கத் தன்னைத்தானே அணைச்சுக்கிச்சு.”

“நான் ஓட்டுனதுல ஏதாவது தப்பு இருக்குமா? வேகமாப் போயிருப்பேன், இல்ல கியர் சரியா…”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க எப்படி ஓட்டியிருந்தாலும் அந்த இடத்துல அணைஞ்சுதான் இருக்கும். உங்க மேல ஒரு தப்பும் இல்லய்யா.”

 டாக்டர் சொன்னதும் இதே வார்த்தைதான். ஆனால் டாக்டர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான்கு வருடம் அதைத் தள்ளி வைத்திருந்தார். இந்தப் பெண்ணுக்கு அவரைத் தெரியாது, அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.  பில் போடும்மா என்று சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய வயர்களை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவள் ஒன்றை மூன்று தடவை சொன்னாள். பழைய சப்ளையின் கேபிளை இதில் மாட்டக் கூடாது. முனை பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும், மாட்டினால் கார்டும் போகும் மதர்போர்டும் போகும்.

ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பித்தார். பழைய சப்ளையைக் கழற்றினார், புதியதை வைத்து நாலு திருகாணியும் முடுக்கினார், மணி இரண்டரை. பழைய கேபிள்கள் பெட்டியின் உள்தகட்டுக்குப் பின்னால் போய், அழகாக முடிச்சுப் போட்டு, முனைகள் புதிய சப்ளையின் அருகிலேயே வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஒரு முனையைச் சும்மா வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அதையெல்லாம் உருவிப் புதியதைக் கோர்க்க வேண்டுமென்றால் இன்னும் ஒரு மணி நேரம். நாலு மணிக்குப் பதினேழு பேர் காத்திருப்பார்கள். கால் தரையில் தாளம் போட ஆரம்பித்தது. பழைய கேபிளையே மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கை சொன்னது.

எழுந்தார். மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினார். இருபத்தாறு வருடத்தில் எவ்வளவு தாமதமானாலும் வண்டியைச் சுற்றி வராமல் ஏறியதில்லை. சுற்றி முடித்து உட்கார்ந்து, பழைய முனையைப் பிடுங்கிப் பழைய கேபிள் எல்லாவற்றையும் உருவி எறிந்தார். மனைவி டார்ச் பிடித்தாள், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அவர் விரட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மூன்று ஐம்பத்தேழுக்குத் திரைக்கு உயிர் வந்தது.

கிளம்புவதற்கு முன் ஹெட்செட்டில் சொன்னார், போன இரண்டு தடவையும் கரண்ட் போகவில்லை, என் சப்ளை போதாமல் அணைந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை என்று.  வெல்டர், “அப்ப இன்னைக்கு யாருண்ணே முன்னாடி?” என்றான்.

“நான்தான்.”

மலையில் எப்போதும்போல மூன்றாம் கியரில் ஏறினார். பின்னால் பதினேழு ஜோடி விளக்குகள். பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது, எல்லாருக்கும் அந்த வளைவு தெரியும். பாலம் வந்தது.  பெட்டிக்குள் ஃபேன் சத்தம் கூடியது. வேகத்தைக் குறைக்க நினைத்தார், குறைக்கவில்லை. எப்படி ஓட்டினாலும் ஒன்றுதான் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். திருப்பினார்.

ஊர் மொத்தமும் ஒரே அடியாக வந்து நின்றது. வீடுகள், விளக்குகள், ஈரத் தெருக்கள், ஆற்றில் தெரிந்த விளக்குகள்.

“அண்ணே, இருக்கீங்களா?” நர்ஸின் குரல் கேட்டது.

“இருக்கேன்மா.”

பதினேழு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள், காது அடைத்தது. அவர் கத்தவில்லை. இறக்கத்தில் கவனம் வேண்டும். ஊருக்குள் இறங்கும்போது வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு போனார்: ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், மர டிப்போ, ரயில்வே கேட், பணிமனை. முப்பத்தேழாம் எண் பாதையில் அன்றைக்குப் பாக்கி நின்றுபோன ஆறு நிறுத்தங்கள். லாரிகள் போய்ச் சேரும் இடத்தில் கோட்டுக்குள் நேராக நிறுத்தினார். கைபிரேக்குக்கு அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான்தான். அதைப் பெருவிரலால் நன்றாக அழுத்தினார்.

மனைவி டீயோடு வந்தாள். வழக்கமாக இந்த நேரத்தில் அவர் எழுந்து நடந்துகொண்டிருப்பார், டம்ளரைத் துரத்திப்போய்த்தான் கொடுக்க வேண்டும்.

“ஏங்க, போய்ச் சேந்துட்டீங்களா?”

“சேந்துட்டேன்” என்றார். டம்ளரை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, “கைபிரேக்கை நானே போட்டேன்” என்றார்.

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். டீ முடியும் வரை அவர் உட்கார்ந்திருந்தார்.